தொழிலகப் பொறியியல், மேலாண்மைப் பாடத்திட்ட வடிவமைப்பு

தொழிலகப் பொறியியல், மேலாண்மைப் பாடத்திட்ட வடிவமைப்பு என்பது, மனிதர், பொருட்கள், இயந்திரங்கள், தகவல், ஆற்றல் ஆகியவை இணைந்து இயங்கும் அமைப்புகளைத் திட்டமிடவும் மேம்படுத்தவும் வல்ல பொறியாளர்களை உருவாக்கும் பொருட்டு, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு ஒன்றின் பாடங்கள், ஆய்வகப் பயிற்சிகள், செயல்திட்டங்கள், தேர்வுகள் ஆகியவற்றைத் தெரிந்தெடுத்து ஒழுங்குபடுத்தும் பணி ஆகும். எந்தப் பாடத்தைச் சேர்ப்பது என்பதை விட, எதை விடுவது, எதற்குப் பின் எதை வைப்பது என்பவையே இப்பணியில் கடினமான வினாக்களாக உள்ளன.

குடிசார் பொறியியலுக்குக் கட்டடமும் பாலமும் உள்ளன. மின்பொறியியலுக்கு மின்சுற்று உள்ளது. தொழிலகப் பொறியியலுக்கு அவ்வாறு கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு பொருள் இல்லை. ஓர் ஆலையின் உற்பத்தி வரிசை, மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவு, துறைமுகத்தின் கொள்கலன் முற்றம் ஆகிய மூன்றும் இத்துறைக்குள் அடங்கும். இதனால் இதன் பாடத்திட்டம் எளிதில் விரிந்து, எல்லாவற்றிலும் சிறிது கற்பிக்கும் ஒரு தொகுப்பாக மாறிவிடும் இடர் தொடக்கத்திலிருந்தே இருந்து வருகிறது.

வரலாறு

பொறியாளர் ஒருவர் பணக் கணக்கும் அறிந்திருக்க வேண்டும் என்ற கருத்தை முறையாக முன்வைத்தவர்களுள் ஹென்றி டவுன் குறிப்பிடத்தக்கவர். 1886ஆம் ஆண்டில் சிக்காகோவில் கூடிய அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் கூட்டத்தில், பொறியாளரைப் பொருளியலாளராகவும் காணும் கட்டுரையொன்றை அவர் வாசித்தார். பட்டறையை நடத்துவதும் பட்டறையில் செய்யப்படும் பொருளை வடிவமைப்பதும் ஒரே அளவு முதன்மை வாய்ந்தவை என்பது அவரது வாதம். பின்னர் பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் எழுதிய பட்டறை மேலாண்மை பற்றிய நூலும் (1903), அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள் பற்றிய நூலும் (1911) இக்கருத்துக்கு ஒரு முறைமையை அளித்தன.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெக்ஸ்டர் கிம்பல் 1904ஆம் ஆண்டளவில் ஆலை நிர்வாகம் குறித்த பாடமொன்றைத் தொடங்கினார். ஆயினும் இது இயந்திரப் பொறியியல் மாணவர்களுக்கான தனியொரு பாடமாகவே இருந்தது. முழுமையான பட்டப்படிப்பு ஒன்று உருவானது பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியிலாகும். டெய்லரின் பரிந்துரையின் பேரில் அங்கு அழைக்கப்பட்ட ஹியூகோ டீமர், 1908ஆம் ஆண்டில் தொழிலகப் பொறியியலை ஒரு விருப்பப் பிரிவாகத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது நான்காண்டுத் தனிப் பட்டப்படிப்பாக ஆனது. உலகில் இவ்வகையில் இதுவே முதலாவது எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இயந்திரப் பொறியியலின் அடித்தளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மேல் வகுப்புகளில் மட்டும் ஆலை அமைப்பு, செலவுக் கணக்கு, நேர ஆய்வு போன்றவற்றைச் சேர்ப்பது அன்றைய அணுகுமுறையாகும். இன்றும் இந்தியாவின் பல கல்லூரிகளில் உற்பத்திப் பொறியியல் பாடத்திட்டங்கள் இதே வார்ப்பில் இருப்பதைக் காணலாம்.

தொழிலாளர் எதிர்ப்பும் பாடத்திட்டமும்

புதிய துறை கல்லூரிக்குள் நுழைந்த அதே ஆண்டுகளில் ஆலைகளில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. 1911ஆம் ஆண்டு ஆகத்து மாதம், மாசச்சூசெட்சு மாநிலத்தின் வாட்டர்டவுன் படைக்கலத் தொழிற்சாலையில், வார்ப்புத் தொழிலாளர்கள் தங்கள் வேலையை நிறுத்தற் கடிகாரம் கொண்டு அளப்பதை எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர். இது குறித்து அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் சிறப்புக் குழு விசாரணை நடத்தியது. 1912ஆம் ஆண்டு சனவரியில் டெய்லர் அதன் முன் சாட்சியம் அளித்தார். 1915ஆம் ஆண்டு முதல் 1940களின் இறுதி வரை, அரசு நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களில் நேர ஆய்வுக்குப் பணம் செலவிடுவதைத் தடுக்கும் விதி இடம்பெற்று வந்தது. அதாவது, கல்லூரியில் மதிப்பெண் பெற்றுத் தந்த ஒரு திறன், அக்காலம் முழுவதும் அரசுத் தொழிற்சாலைகளில் பயன்படுத்த இயலாததாக இருந்தது.

இந்நிகழ்வு பாடத்திட்ட வடிவமைப்பாளர்களுக்கு விட்டுச்சென்ற வினா இன்னும் தீரவில்லை. அளவிடும் முறையை மட்டும் கற்பித்தால் போதுமா, அளக்கப்படுபவரின் நிலையையும் கற்பிக்க வேண்டுமா என்பதே அவ்வினா. இதற்கு முதலில் விடை தேடியவர்களுள் லில்லியன் கில்பிரெத் முதன்மையானவர். 1914ஆம் ஆண்டில் மேலாண்மையின் உளவியல் பற்றிய நூலை வெளியிட்ட இவர், அடுத்த ஆண்டு பிரௌன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கணவர் பிராங்க் கில்பிரெத்துடன் இணைந்து இயக்க ஆய்வை வளர்த்தெடுத்தார். 1935ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்து, அப்பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவின் முதல் பெண் பேராசிரியர் என்ற இடத்தைப் பெற்றார். களைப்பு, சலிப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடம் ஆகியவை பொறியியல் வகுப்பறையில் பேசத்தக்க பொருட்களாக ஆனதில் இவரது பங்கு பெரிது. பணிச்சூழலியல் இன்று ஒரு கட்டாயப் பாடமாக இருப்பதன் வேர்களுள் ஒன்று இங்கே உள்ளது.

கணிதத்தின் வருகை

இரண்டாம் உலகப் போரில் படைத்துறைத் தேவைகளுக்காக வளர்ந்த செயற்பாட்டு ஆய்வு, போருக்குப் பின் பல்கலைக்கழகங்களுக்குள் வந்தது. ஜார்ஜ் டான்சிக் 1947ஆம் ஆண்டில் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை, பல கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுச் சிறந்த திட்டத்தைக் கண்டறியும் வழியை அளித்தது. அதே காலத்தில், 1955ஆம் ஆண்டின் கிரின்டர் அறிக்கை, அமெரிக்கப் பொறியியல் கல்வி கைத்தொழில் பயிற்சியிலிருந்து விலகி அறிவியல் அடித்தளத்தை நோக்கிச் செல்ல வேண்டும் என வலியுறுத்தியது. இவ்விரண்டும் சேர்ந்து தொழிலகப் பொறியியலின் முகத்தை மாற்றின. பட்டறை நேரம் குறைந்தது. நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் நிரலாக்கம், வரிசைக் கோட்பாடு ஆகியவை நடுவிடத்தைப் பிடித்தன.

இம்மாற்றத்தால் துறைக்குக் கல்வி மதிப்பு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இழப்பும் இருந்தது. சிம்ப்ளெக்ஸ் அட்டவணையைப் பிழையின்றி நிரப்பும் மாணவர், உண்மையான ஆலையொன்றில் எது மாறி, எது கட்டுப்பாடு, எது வெறும் பழக்கம் என்று பிரித்தறியத் தெரியாமல் நிற்பதுண்டு. கணக்கைத் தீர்ப்பதை மென்பொருள் செய்துவிடும் இக்காலத்தில், கணக்கை உருவாக்கத் தெரிவதே பொறியாளரின் வேலை. பல பாடத்திட்டங்கள் இன்னும் இதற்கு நேர்மாறான விகிதத்தில் நேரத்தைச் செலவிடுகின்றன.

ஐரோப்பிய மரபு

செருமனியில் வேறொரு மரபு வளர்ந்தது. பெர்லின் சார்லொட்டன்பர்க் தொழில்நுட்பப் பள்ளியில் 1920களின் பிற்பகுதியில் வில்லி பிரியோன் தொடங்கிய படிப்பு, பொருளியலையும் பொறியியலையும் ஏறத்தாழச் சம எடையில் கற்பித்தது. இதன் பட்டதாரி, பொருளியற் பொறியாளர் எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகிறார். அமெரிக்க மரபு ஆலைத் தளத்திலிருந்து மேல்நோக்கி வளர்ந்தது எனில், செருமானிய மரபு தொழில்நுட்பத்துக்கும் வணிக அலுவலகத்துக்கும் இடையில் பாலமாகத் தோன்றியது எனலாம். இங்கு இருவகை அமைப்புகள் உண்டு. ஒன்றில் இரு துறைகளும் முதல் பருவத்திலிருந்தே இணையாகக் கற்பிக்கப்படும். மற்றொன்றில் பொறியியல் பட்டம் முடித்த பின்னர் பொருளியல் மேலடுக்காகச் சேர்க்கப்படும். சுவீடனில் லின்ஷாப்பிங் 1969ஆம் ஆண்டில் இணைந்த வகைப் படிப்பைத் தொடங்கியது.

இணையாகக் கற்பிக்கும் முறையில் ஒரு குறை அடிக்கடி சுட்டப்படுகிறது. இரு துறை ஆசிரியர்களும் தத்தம் பாடத்தைத் தனித்தனியே நடத்திச் செல்ல, அவற்றை இணைக்கும் வேலை மாணவரின் தலையில் விழுகிறது. கால அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மட்டும் இரு பாடங்கள் ஒன்றிணைந்துவிடுவதில்லை.

மதிப்பலகுக் கணக்கு

பாடத்திட்டக் குழுக்களில் நடக்கும் வாதங்களில் பெரும்பகுதி கொள்கை பற்றியதன்று, இடம் பற்றியதே. அமெரிக்கப் பொறியியல் படிப்புகளுக்கு ஏற்பளிக்கும் ஏபெட் அமைப்பு, நான்காண்டுப் படிப்பில் குறைந்தது 30 மதிப்பலகுகள் கணிதத்துக்கும் அடிப்படை அறிவியலுக்கும், 45 மதிப்பலகுகள் பொறியியல் பாடங்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும் எனக் கோருகிறது. படிப்பு மொத்தம் 120 மதிப்பலகுகள் கொண்டதெனின், எஞ்சுவது 45. மொழி, சமூக அறிவியல், விருப்பப் பாடங்கள் ஆகியவற்றுடன் கணக்கியல், நிறுவன நடத்தை, சந்தைப்படுத்தல் போன்ற மேலாண்மைப் பாடங்களும் இந்த 45க்குள் போட்டியிட வேண்டும். படிப்பின் பெயரில் மேலாண்மை என்ற சொல் இருந்தும், பாடத்திட்டத்தில் அது ஓரிரு பாடங்களாகச் சுருங்குவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பொறியியல் பொருளியல், உற்பத்தித் திட்டமிடல், தரக் கட்டுப்பாடு போன்ற இரு பக்கமும் சாயக்கூடிய பாடங்கள் இதனால்தான் பொறியியல் கணக்கில் வைக்கப்படுகின்றன.

ஏபெட் அமைப்பு 1990களின் பிற்பகுதியில் தன் அணுகுமுறையை மாற்றிக்கொண்டது. எந்தெந்தப் பாடங்கள் நடத்தப்படுகின்றன என்று எண்ணுவதற்கு மாறாக, பட்டம் பெறும் மாணவர் என்ன செய்ய வல்லவராக இருக்கிறார் என்று கேட்கத் தொடங்கியது. இது கற்றல் விளைவு சார்ந்த கல்வி எனப்படுகிறது. வாஷிங்டன் உடன்பாட்டின் வழியே பிற நாடுகளுக்கும் இம்முறை பரவியது. 1989ஆம் ஆண்டில் உருவான அவ்வுடன்பாட்டில் இந்தியாவும் இலங்கையும் 2014ஆம் ஆண்டில் முழு உறுப்பு நாடுகளாயின. நோக்கம் நல்லதே, எனினும் ஒவ்வொரு பாடத்துக்கும் விளைவுகளை எழுதி, அவற்றைப் படிப்பின் விளைவுகளோடு கட்டங்களில் 1, 2, 3 என எண்ணிட்டுப் பொருத்தும் வேலை, பல இடங்களில் ஆவணம் நிரப்பும் சடங்காகவே முடிந்துவிடுகிறது.

பாடங்களின் தொடர்ச்சி

பாடத்திட்டம் என்பது பாடங்களின் பட்டியல் அன்று. அது ஒரு வலையமைப்பு. நிகழ்தகவு கற்காமல் புள்ளியியல் கற்க இயலாது. புள்ளியியல் இன்றித் தரக் கட்டுப்பாட்டு வரைபடமும் கணினி உருவகப்படுத்தலும் வெறும் மனப்பாடமாகும். நேரியல் இயற்கணிதம் இன்றி நேரியல் நிரலாக்கம் புரியாது. ஒவ்வொரு பாடத்தையும் ஒரு புள்ளியாகவும், முன்தேவையை ஓர் அம்புக்குறியாகவும் வரைந்தால், திட்ட மேலாண்மைப் பாடத்தில் கற்பிக்கப்படும் தீர்வுநிலைப் பாதை முறையின் வரைபடமே கிடைக்கும். 1950களின் இறுதியில் கட்டுமானப் பணிகளுக்கும் ஏவுகணைத் திட்டத்துக்கும் உருவான இம்முறைகளைக் கற்பிக்கும் துறைகள், அவற்றைத் தம் பாடத்திட்டத்துக்கே பொருத்திப் பார்ப்பது அரிதாகவே உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். நுண்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல், வரிசைக் கோட்பாடு, உருவகப்படுத்தல், இறுதிச் செயல்திட்டம் என ஆறு பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருந்தால், எட்டுப் பருவங்களுள் ஆறு இச்சங்கிலிக்கே தேவை. மீதி இரண்டு பருவங்களே இடைவெளி. ஒவ்வொரு பாடமும் ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே நடத்தப்படுமாயின், நிகழ்தகவில் ஒரு முறை தவறும் மாணவருக்கு அந்த இடைவெளி முழுவதும் தீர்ந்துவிடும். மறுமுறை தவறினால் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். கல்விக் கடன் பெற்றுப் படிக்கும் குடும்பத்துக்கு அந்த ஓராண்டின் பொருள் வேறு. முன்தேவை என எழுதப்படும் ஒவ்வொரு வரியும் யாரோ சிலரின் காலத்தைக் கட்டுகிறது என்பதால், அது உண்மையிலேயே தேவையா, பழக்கத்தால் எழுதப்பட்டதா என ஆராய்வது வடிவமைப்பாளரின் முதற்கடமைகளுள் ஒன்று. மாறாக, எல்லா முன்தேவைகளையும் தளர்த்திவிட்டால் தேர்ச்சி விகிதம் உயர்ந்தாலும் அடுத்த பாடத்தின் ஆசிரியர் முதல் மூன்று வாரங்களைப் பழைய பாடம் நடத்தவே செலவிட வேண்டியிருக்கும்.

நேர ஆய்வு ஆய்வகம்

ஏறத்தாழ எல்லாப் பாடத்திட்டங்களிலும் நீடித்து நிற்கும் ஆய்வகம், பணி ஆய்வு ஆய்வகமாகும். ஒரு வேலையைப் பலமுறை அளந்து சராசரி நேரம் காணப்படுகிறது. வேலை செய்பவரின் வேகம் இயல்பான வேகத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடப்பட்டு, அம்மதிப்பால் நேரம் பெருக்கப்படுகிறது. பின்னர் ஓய்வு, களைப்பு, சொந்தத் தேவைகள் ஆகியவற்றுக்கான சலுகை நேரம் சேர்க்கப்பட்டு நியம நேரம் பெறப்படுகிறது.

ஆடைத் தொழிலில் ஒரு தையல் வேலைக்குச் சராசரி நேரம் 0.50 நிமிடம் எனக் கொள்வோம். தொழிலாளியின் வேகம் 100 விழுக்காடு என மதிப்பிடப்பட்டுச் சலுகை 15 விழுக்காடு சேர்க்கப்பட்டால், நியம நேரம் 0.575 நிமிடம், மணிக்கு ஏறத்தாழ 104 துண்டுகள். அதே தொழிலாளி சற்று மெதுவாகச் செய்கிறார் எனக் கருதி 90 விழுக்காடு என எழுதினால், நியம நேரம் 0.5175 நிமிடமாகக் குறைந்து, மணிக்கு 116 துண்டுகள் என இலக்கு உயர்கிறது. எட்டு மணி நேரத்தில் வேறுபாடு ஏறத்தாழ 93 துண்டுகள். கடிகாரம் மாறவில்லை, தொழிலாளி மாறவில்லை. மதிப்பீடு செய்தவரின் கணிப்பு மட்டுமே மாறியது. திருப்பூரிலும் இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளிலும் தொழிலகப் பொறியியல் பிரிவினர் அன்றாடம் செய்யும் வேலை இதுவே. அங்கு 'சாம்' எனச் சுருக்கமாக வழங்கும் நியம நிமிடம், துண்டுக் கூலியையும் வரிசையின் இலக்கையும் முடிவு செய்கிறது.

ஆய்வக ஏட்டில் இது மூன்று வரிக் கணக்கு. எனவே சில துறைகள் ஒரே காணொளியை வகுப்பு முழுவதற்கும் காட்டி, ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே வேகத்தை மதிப்பிடச் செய்கின்றன. விடைகள் எவ்வளவு சிதறியுள்ளன என்று கரும்பலகையில் எழுதப்படும்போது, அளவீட்டின் துல்லியம் பற்றிய பாடம் சொல்லாமலே விளங்குகிறது. மாணவர்களையே அளப்பவராகவும் அளக்கப்படுபவராகவும் மாறி மாறி அமர்த்துவது மற்றொரு முறை. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஆலையைக் கல்லூரிக்குக் கொணர்தல்

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1994ஆம் ஆண்டில் வேறு பல்கலைக்கழகங்களுடன் இணைந்து, அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு கற்றல் தொழிற்சாலை என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நிறுவனங்கள் தரும் உண்மையான சிக்கல்களை மாணவர் குழுக்கள் எடுத்துக்கொண்டு, வடிவமைத்து, செய்து காட்டுவது இதன் அடிப்படை. செருமனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2007ஆம் ஆண்டில் உண்மையான இயந்திரங்களையும் பொருத்தும் வரிசையையும் கொண்ட கற்றல் தொழிற்சாலையை அமைத்தது. இதற்கு இடையில், மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகமும் மூன்று சுவீடியப் பல்கலைக்கழகங்களும் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சிடிஐஓ முன்னெடுப்பு, கருத்துருவாக்கம், வடிவமைப்பு, செயலாக்கம், இயக்கம் என்னும் நான்கு கட்டங்களையும் பாடத்திட்டத்தின் முதுகெலும்பாகக் கொள்ளப் பரிந்துரைத்தது.

இவ்வளவு பொருள்வளம் இல்லாத கல்லூரிகளுக்கும் வழி உண்டு. வரிசைக் கோட்பாட்டைக் கற்பிக்கக் கல்லூரி உணவகத்தின் மதிய வரிசையே போதும். 1961ஆம் ஆண்டில் ஜான் லிட்டில் நிறுவிய விதிப்படி, வரிசையில் இருப்போரின் சராசரி எண்ணிக்கை, வருகை வீதத்தையும் சராசரிக் காத்திருப்பு நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். நிமிடத்துக்கு 4 பேர் வந்து, ஒவ்வொருவரும் 6 நிமிடம் காத்திருந்தால், வரிசையில் சராசரியாக 24 பேர் இருப்பர். இதனை நேரில் எண்ணிச் சரிபார்த்த மாணவர் எளிதில் மறப்பதில்லை.

இந்தியாவில்

இந்தியத் தொழிலகப் பொறியியல் நிறுவனம் 1957ஆம் ஆண்டில் தோன்றியது. 1963ஆம் ஆண்டில், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வழியே கிடைத்த ஐக்கிய நாடுகள் உதவியுடன், மும்பையில் தேசியத் தொழிலகப் பொறியியல் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. நிட்டி எனச் சுருக்கமாக அறியப்பட்ட இந்நிறுவனம் 2023ஆம் ஆண்டில் மும்பை இந்திய மேலாண்மைக் கழகமாக மாற்றப்பட்டது. தொழிலகப் பொறியியல் என்ற சொல் பெயரிலிருந்து நீங்கி மேலாண்மை என்ற சொல் மட்டும் எஞ்சியது, இத்துறையின் இரு பாதிகளுக்கும் சந்தையில் உள்ள மதிப்பு வேறுபாட்டைக் காட்டுவதாகக் கொள்ளலாம். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இத்துறை தனியாக உள்ளது. தமிழ்நாட்டில், கிண்டி பொறியியல் கல்லூரியில் தொழிலகப் பொறியியலுக்கெனத் தனித்துறை உண்டு. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகம் தொழிலகப் பொறியியல், மேலாண்மை என்ற பெயரிலேயே முதுநிலைப் படிப்பை நடத்துகிறது.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், இளநிலைப் பொறியியல் படிப்புக்கு 160 மதிப்பலகுகளை வகுத்தது. இதில் துறையின் மையப் பாடங்களுக்கு 48, துறைசார் விருப்பப் பாடங்களுக்கு 18, பொது விருப்பப் பாடங்களுக்கு 18, செயல்திட்டம், பயிற்சி ஆகியவற்றுக்கு 15 ஒதுக்கப்பட்டன. மேலாண்மையையும் உள்ளடக்கிய மானுடவியல், சமூக அறிவியல் பிரிவுக்குக் கிடைத்தது 12 மட்டுமே. இயந்திரப் பொறியியலுக்கு இது போதுமானதாக இருக்கலாம். தொழிலகப் பொறியியல் துறை ஒன்று இதை நிரப்ப வேண்டுமெனில், விருப்பப் பாடங்களுக்கான 36 மதிப்பலகுகளில்தான் இடம் தேட வேண்டும்.

இணைவுக் கல்லூரி முறை மற்றொரு கட்டுப்பாடாகும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2008, 2013, 2017, 2021 என ஆண்டுப் பெயர் தாங்கிய ஒழுங்குமுறைகள் வெளியிடப்பட்டு, இணைவு பெற்ற கல்லூரிகள் அனைத்துக்கும் பொருந்துகின்றன. பாடத்திட்டக் குழு வரைந்து, கல்விக் குழு ஏற்ற பின் அது நடைமுறைக்கு வருகிறது. மூன்று மதிப்பலகுப் பாடம் ஒன்று வழக்கமாக 5 அலகுகளாக, அலகுக்கு 9 மணி நேரம் வீதம் 45 மணி நேரத்துக்குப் பிரிக்கப்படுகிறது. இவ்வச்சில் நேரியல் நிரலாக்கத்துக்கும் 9 மணி, வரிசைக் கோட்பாட்டுக்கும் 9 மணி. பொருளின் கடினத்துக்கும் நேரத்துக்கும் தொடர்பில்லை. தேர்வுத்தாள் எல்லா அலகுகளிலிருந்தும் சமமாக வினா கேட்கும் என்பதால் ஆசிரியர் விரும்பினாலும் ஓர் அலகில் நின்று நிதானிக்க முடிவதில்லை. ஒழுங்குமுறை மாறும்போது அரியர் வைத்துள்ள மாணவர்களுக்குப் பழைய பாடத்துக்கு இணையான புதிய பாடம் எது எனக் குறிக்கும் பட்டியலும் தேவைப்படுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தமக்கெனப் பாடத்திட்டம் வகுத்துக்கொள்ள இயலும் என்பதால், புதிய முயற்சிகள் அங்கேயே முதலில் தோன்றுகின்றன.

அண்மைய போக்குகள்

தரவுப் பகுப்பாய்வு, இயந்திரக் கற்றல், வழங்கல் தொடர் மேலாண்மை ஆகியவை பல நாடுகளிலும் பாடத்திட்டத்துக்குள் வந்துள்ளன. இவற்றுக்கு இடம் கொடுக்கப் பெரும்பாலும் உற்பத்திச் செயல்முறைப் பாடங்களும் பட்டறைப் பயிற்சியும் குறைக்கப்படுகின்றன. நிரல் எழுதும் திறன் பட்டதாரிக்கு வேலைவாய்ப்பைக் கூட்டுகிறது. அவர்களில் பலர் மென்பொருள் நிறுவனங்களுக்கே செல்கின்றனர் என்பதும் உண்மை. எனினும் இயந்திரம் எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்னும் தரவை ஆலைத் தளத்தில் பெரும்பாலும் மனிதரே பதிவு செய்கின்றனர். இலக்கை எட்டாத மேற்பார்வையாளர் நிறுத்த நேரத்தை எந்தக் காரணத்தின் கீழ் எழுதுவார் என்பதை அறியாதவர் அத்தரவைக் கொண்டு கட்டும் மாதிரி நம்பத்தக்கதாக இராது. இதனைக் கருத்தில் கொண்டு, தரவுப் பாடத்தின் முதற் பயிற்சியாக மாணவர்களையே ஓர் இயந்திரத்தின் அருகில் ஒரு முழுப் பணிமுறை நேரம் அமர்த்திப் பதிவேடு எழுதச் செய்யும் முறை சில படிப்புகளில் பின்பற்றப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

பணிச்சூழலியல்
செயற்பாட்டு ஆய்வு
நேர ஆய்வு
பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர்
லில்லியன் கில்பிரெத்